லாஹௌல் மூட்டை

“அந்தப் பேச்ச எடுத்தா, இந்தக் கிறிஸ்மஸுக்கு நான் வூட்லயே இருக்க மாட்டேன்!”

கத்திவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பர்னபாஸ் வெளியே போய்விட்டார். மனைவி பியாட்ரிஸ் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “டெய்சிக்கு ஒரு போன் போடட்டுமா?”

மகள் டெய்சி, இமாச்சலத்து லாஹௌலில் ஹாப்ஸ் பயிரிடும் பையனைக் கட்டிக்கொண்டு போய் மூன்று வருஷம்; அன்றிலிருந்து அப்பன் அவளோடு பேசுவதில்லை. பீருக்குக் கசப்பு ஏற்றுகிற பூ அது. அப்பனுக்கும் பெங்களூர் பீர் கம்பெனியில் அந்தப் பூவைச் சோதிக்கிற வேலைதான்.

ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் பியாட்ரிஸ் மகளுக்கென்று ஒரு டப்பா கல்கல் பலகாரம் தனியாக எடுத்து வைப்பாள். யாரும் பிரிக்காமலே நமுத்துப்போகும்.

“அண்ணன் இல்லியாக்கா?” வாசலில் தங்கவேலு. போன வருஷம்தான் அதே கம்பெனியில் சேர்ந்தவன், தினமும் அவரோடு ஒரே ரயில். “ஞாயித்துக்கிழமையாவது தூங்கச் சொல்லுங்க. லாஹௌல் மூட்டை வந்ததுலேர்ந்து மனுசன் வெறி புடிச்சாப்ல கெடக்குறாரு.”

“லாஹௌலா? இன்னா பண்றாரு?”

“மத்த ஊரு பூவ ஒரு தபா சோதிப்பாரு. இத மட்டும் நோண்டுறாரு, நோண்டுறாரு! அதே ஜாதி காஷ்மீர்ல வெளஞ்சா சாது. லாஹௌல்ல வெளஞ்சா என்சைம் துள்ளுதாம். அடங்கின பீர மறுபடி பொங்க வெச்சு, பாட்டிலு டப்பு டப்புனு வெடிக்குது. திருப்பி அனுப்பச் சொல்லிட்டாரு மேனேஜர். ‘வாபஸ் கள்ஸி பர்னபாஸ், வாபஸ் கள்ஸி!’னு கன்னடத்துல மூக்காலயே கத்துறாரு.”

பியாட்ரிஸுக்கு ஆத்திரமாக வந்தது. பெற்ற மகள் விளைவித்ததில் குற்றம் கண்டுபிடிக்கவா இத்தனை மெனக்கெடல்? பாவி மனுஷன்!

“அனுப்பிட்டாரா?”

“எங்க! ‘பூ மேல தப்பில்ல சார், மண்ணு வேற. அவசரப்பட்டு பாட்டில்ல அடைக்காம தொட்டியிலயே இன்னும் கொஞ்ச நாள் விடுங்க, ஆடி அடங்கிடும்’னு செஞ்சே காட்டிட்டாரு. லோடு மொத்தமும் எடுத்துக்கினாங்க.”

“உள்ள வந்து உக்காருப்பா,” என்றாள் பியாட்ரிஸ்.

“அத்தோட வுட்டாரா? எஸ்.டி.டி. பூத்துக்கு என்ன இஸ்துகினு போயி, அந்த லாஹௌல் தோட்டத்துக்கே போன் போட்டாரு. மேனேஜராட்டமே மூக்கால இந்தி! ‘மால் அச்சா ஹை, பஹுத் அச்சா ஹை’னு, சரக்கு ரொம்ப நல்லாருக்காம். எனக்குச் சிரிப்பு தாங்கல. அந்தப் பக்கம் யாரோ ஒரு பொண்ணு, கொரலு வெளியவே கேக்குது. சேதி சொல்லி முடிச்சாச்சு, மனுசன் போன வெக்கல. சும்மா காதுல வெச்சிக்கினே நிக்கிறாரு.”

“அந்தப் பொண்ணு... இன்னா சொல்லிச்சு?”

“அதான்க்கா புரியல. மேனேஜருன்னு சொல்லித்தான பேசினாரு? அது பாட்டுக்கு நம்ம ஊரு தமிழ்ல, ‘சாப்ட்டியா டாடி?’ன்னுது.”