பர்வீனின் அரை மணி

மானுட குலத்தின் மேன்மையை முன்னிட்டு வளர்ச்சி வாரியம் பிரகடனம் செய்தது: சங்கடப்படாதவன் வளர்வதில்லை, ஆகவே குடிமக்கள் யாவரும் தினம் அரை மணி நேரம் சங்கடப்பட்டே தீரவேண்டும். பட்ட சங்கடத்தை மணிக்கட்டுப் பட்டை அளந்து மதிப்பெண் போடும்.

சிலர் மார்கழியில் பச்சைத் தண்ணீரில் குளித்தார்கள். சிலர் மேடையேறிப் பாடி, கேட்டவர்களுக்கும் மதிப்பெண் வாங்கிக் கொடுத்தார்கள். எதிர் வீட்டுப் பர்வீன், மனைவி போனபின் தனியாக இருந்த தணிகாசலத்தோடு பேச வந்தாள். முதல் நாள் அவர் தன்னுடைய மூல ஆபரேஷனை விலாவாரியாகச் சொன்னார். அவளுக்கு முழு மதிப்பெண்.

நாலு மாதத்தில் அவள் ஆபீஸ் சண்டைகளெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆறு மணிக்கு வருகிறவளுக்கு ஐந்தே முக்காலுக்கே கதவைத் திறந்து வைத்துவிடுவார். அந்த அரை மணியில் அவர் பட்டையில் ஒரு நாளும் மதிப்பெண் விழுந்ததில்லை.

ஒரு நாள் பர்வீன் வாசலிலேயே நின்றாள்.

"அங்கிள், ஒரு வாரமா எனக்கு சைபர்தான் விழுது. உங்ககிட்ட பேசுறது பழகிப்போச்சு. பிடிச்சும் போச்சு. இனிமே மூணாவது மாடி கர்னல் வீட்டுக்குத்தான் போகணும். அவர் எடுத்ததுக்கெல்லாம் எரிஞ்சு விழுவாராம்."

"நான் வேணா காபில உப்புப் போடட்டுமாம்மா?"

"சிரிப்பு வந்துடும் அங்கிள். அதுக்கும் சைபர்தான்."

அவள் போனதும் தணிகாசலம் கதவைச் சாத்திவிட்டு, போட்டுவைத்த இரண்டு டம்ளர் காபியையும் தானே குடித்தார்.

பட்டை அவருக்கு நூற்றுக்கு நூறு போட்டது.