முழு விசையில் ஏறும்போது

சக்கரங்கள் ஓடுபாதையை விட்டதுமே பல் டாக்டரின் கை விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை நோக்கி நீண்டது. விமானத்துக்குச் சொந்தக்காரரான பெரியவர் அந்தக் கையை மெல்ல விலக்கிவிட்டார்.

டாக்டர் விமானத்தை விலைக்கு வாங்க வந்தவர். புதிதாக லைசென்ஸ் எடுத்தவர் வேறு. எஞ்சின் இப்படித் தொண்டை கிழியக் கத்துவது அவருக்கு மனசு கேட்கவில்லை.

பெரியவருக்கும் ஒரு காலத்தில் மனசு கேட்டதில்லை. எஞ்சின் என்னவோ தான் பெற்ற பிள்ளை மாதிரி, தரையை விட்ட கையோடு விசையைக் குறைக்கப் போவார்.

அப்போதெல்லாம் இன்று டாக்டர் உட்கார்ந்திருக்கும் அந்த வலது இருக்கையில் அவர் மனைவி இருப்பாள். அவர் கை அசைந்தால் போதும், தன் கையை அதன் மேல் வைத்து அழுத்திக்கொள்வாள். கீழே தண்ணீர்த் தொட்டி தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கும்வரை எடுக்க மாட்டாள்.

அது எஞ்சினுக்காகவா, கைக்காகவா என்று அவர் கேட்டதே இல்லை. கேட்டால் எடுத்துவிடுவாளோ என்ற பயம்தான்.

அவள் குரலைக் கேட்டு மாதக்கணக்காகிவிட்டது. அவளுடைய இடத்தில் ஒரு பல் டாக்டரை உட்காரவைத்துக்கொண்டு ஏறுவது பெரியவருக்குத் தாங்கவில்லை. மூட்டுவலியோடு அவள் விமானத்தில் ஏற இறக்கைமேல் கால்வைக்கத் தடுமாறியதைப் பார்த்த அன்றைக்குத்தான், அவள் ஏற முடியாத விமானம் தனக்கு எதற்கு என்று விற்க முடிவுகட்டினார்.

ஏன் குறைக்கக் கூடாது என்று டாக்டர் ஹெட்போனில் கேட்டார்.

எஞ்சின் மக்கர் பண்ணுவது பெரும்பாலும் முதல்முறை விசையைக் குறைக்கும்போதுதான் என்பார்கள் என்றார் பெரியவர். இந்த உயரத்தில் நின்றுபோனால் திரும்பிப் போய் இறங்கக்கூட வழியில்லை.

“நல்லா ஓடிட்டு இருக்கிறதுல நாமளா போய்க் கை வைக்கக் கூடாது சார்.”

“அப்புறம் இதை எதுக்கு விக்கிறீங்களாம்?”

பின்சீட்டிலிருந்து ஹெட்போனில் வந்த குரல் அது. விற்கிற பேச்சை எடுத்த நாளிலிருந்து அவரோடு ஒரு வார்த்தை பேசாதவள், இன்று காலை யார் கையையும் பிடிக்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு தானே ஏறி உட்கார்ந்திருந்தாள்.

விமானம் ஏறும்போது பெரியவரால் திரும்பிப் பார்க்க முடியாது. அவள் முழங்காலை நினைத்துத்தான் என்று முன்பக்கம் பார்த்தபடியே முணுமுணுத்தார்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

பல் டாக்டர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே எதையோ வெகு அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினார்.