வெள்ளிக்கிழமைக் கப்பல்

“இந்தத் துருக்கிக்காரியை எப்பதான் கூட்டிட்டுப் போவாங்களாம்?” வாசலில் நின்றபடியே மனூசோஸ் பின்னறைப் பக்கம் தாடையை ஆட்டினான்.

“மெல்லப் பேசுடா, காதுல விழும்” என்றான் வர்தாக்கிஸ். மொச்சை உரித்துக்கொண்டிருந்த அவன் கை நிற்கவில்லை.

“விழட்டுமே. அவளுக்கு நம்ம பேச்சுல ஒரு வார்த்தை புரியுமா? பேரைப் பாரு, சுல்தானாவாம்!”

அவன் சொன்னது உண்மைதான். சுல்தானாவுக்குத் துருக்கி மொழியைத் தவிர வேறெதுவும் தெரியாது. பிள்ளைகளைக் கொஞ்சினாலும் துருக்கி, திட்டினாலும் துருக்கி. போரில் புருஷனையும் வீட்டையும் பறிகொடுத்தவளை, இரண்டு பிள்ளைகளோடு குளிர்காலத்தில் அதிகாரிகள் கொண்டுவந்து இந்த வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். கொண்டுவந்த மூட்டையை அவள் இன்னும் முழுசாக அவிழ்க்கவில்லை.

போர் முடிந்ததும் கிரேக்க, துருக்கி அரசாங்கங்கள் இரண்டும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தன. இந்தக் கிரீட் தீவில் இருக்கும் துருக்கியர் எல்லாம் துருக்கிக்குப் போக வேண்டும். அங்கே இருக்கும் கிரேக்கர் எல்லாம் இங்கே வர வேண்டும். வீடு மாற்றுவதைப் போல அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். ரெதிம்னோ துறைமுகத்தில் காலையிலிருந்தே கப்பல் நின்றது.

ஒரே வீட்டில் இரண்டு குடும்பம், ஒரே அடுப்பு. இதில் ஒரு குடும்பம் இன்று கிளம்பியாக வேண்டும். அது எது என்பதில் மனூசோஸுக்குத் துளிக்கூடச் சந்தேகமில்லை.

“உன்னை யாருடா அசைக்க முடியும்? உன் பாட்டு இல்லாம இந்த ஊர்ல ஒரு கல்யாணமாவது நடந்திருக்கா? ஏன் இப்படி உம்முனு உக்காந்திருக்கே, மச்சான்?”

“ஆபீஸ்ல போய்ச் சொல்லிட்டு வந்துட்டேன். இது எங்க தாத்தா கட்டின வீடு, என் ரெண்டு பொண்ணுங்களையும் இந்த மண்ணுலதான் புதைச்சிருக்கேன், வீட்டை விடமாட்டேன்னு சொன்னேன். இன்னைக்குப் பதில் வரும்னாங்க.”

யாரோ மூன்றாம் மனிதனின் வீட்டைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் அவன் சொன்னான். கோபமும் இல்லை, பயமும் இல்லை. ஒரே இடத்தில் உட்கார்ந்து மரத்துப்போன கால் மாதிரி மனசு கிடந்தது. ஆபீஸுக்குப் போய்வந்த நாளிலிருந்தே இப்படித்தான் இருக்கிறான்.

“நாளைக்குத் திராட்சைக் கொடிக்குக் கந்தகத் தூள் போடணும்” என்றான் கொஞ்ச நேரம் கழித்து.

வர்தாக்கிஸின் மனைவி ரொட்டியும் பாலாடைக்கட்டியும் ஆலிவ் காய்களும் கொண்டுவந்து வைத்தாள். பின்னறைக்குப் போய் சுல்தானாவையும் கையைப் பிடித்து அழைத்து வந்தாள்.

“இவளுக்கெல்லாம் பரிமாறுறீங்களே, அண்ணி!”

“உங்க வீட்டுலயா வந்து கேட்டா? பேசாம சாப்பிடுங்க.”

சுல்தானா பாலாடைக்கட்டியைத் தொடவில்லை. “மறந்தே போச்சு, இன்னைக்கு வெள்ளிக்கிழமை விரதமாச்சே” என்று வர்தாக்கிஸின் மனைவி ஆலிவ் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். மனூசோஸும் அந்தக் கிண்ணத்திலிருந்துதான் எடுத்துச் சாப்பிட்டான்.

சுல்தானாவின் சின்ன மகள் வந்து வர்தாக்கிஸின் மடியில் ஏறிக்கொண்டு, உரித்த மொச்சையைப் பச்சையாகவே மென்றாள். அவன் தடுக்கவில்லை.

அப்போதுதான் போலீஸ்காரன் வந்தான். உள்ளூர்ப் பையன். அவன் கல்யாணத்துக்கும் வர்தாக்கிஸ்தான் பாடினான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றான்.

“பொழுது சாயறதுக்குள்ள கப்பல் கிளம்புதாம். துருக்கிக்காரங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. வண்டி கீழே நிக்குது.”

“தாராளமா கூட்டிட்டுப் போ! அவ மூட்டைகூடக் கட்டினபடியே இருக்கு” என்று மனூசோஸ் தொடையில் தட்டிச் சிரித்தான்.

போலீஸ்காரன் சுல்தானாவின் பக்கம் திரும்பவே இல்லை. “நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். முடியாதுன்னுட்டாங்கண்ணே” என்றான் வர்தாக்கிஸிடம்.

மனூசோஸின் சிரிப்பு நின்றது. “என்னடா முடியாது? இவ வாயைத் திறந்தா துருக்கி. அவன் வாயைத் திறந்தா நம்ம கிரேக்கப் பேச்சு. இதுல யாரு துருக்கின்னு குருடனுக்குக்கூடத் தெரியுமே!”

“பேச்சை யாருண்ணே பாக்குறா? கும்பிடுற சாமியைத்தான் பாக்குறாங்க. இந்தம்மா உங்களை மாதிரியே வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிற கிறிஸ்தவங்க. அவங்களை அங்கேருந்து துரத்தித்தான் இங்கே அனுப்பியிருக்காங்க. இனிமே இந்த வீடு அவங்களுக்குத்தான்.” போலீஸ்காரன் தொப்பியையே பார்த்துக்கொண்டு சொன்னான். “இவரு ரெஜெப் வர்தாக்கிஸ். மசூதிக்குப் போறவரு. ஆபீஸ்காரங்களுக்கு இவருதான் துருக்கிக்காரர்.”

மனூசோஸ் சுல்தானாவின் முன்னாலிருந்த ஆலிவ் கிண்ணத்தைப் பார்த்தான். வர்தாக்கிஸின் மனைவி எழுந்து உள்ளே போய்க் கம்பளிகளை மடிக்க ஆரம்பித்தாள். யாரும் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்று இருந்தது.

வர்தாக்கிஸ் மடியிலிருந்த குழந்தையை இறக்கிவிட்டான். மூலையிலிருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வந்து சுல்தானாவின் முன்னால் வைத்து, அதைத் தொட்டுக் காட்டிக் கேட்டான்.

“தண்ணிக்குத் துருக்கியில என்னம்மா சொல்லணும்?”