விடுபட்ட வரி

“அந்த வரிய மட்டும் வாசிக்காம தாண்டிருங்க, சார்வாள்” என்றாள் அனுஜா.

கொடி ஏற்றியாகிவிட்டது. தோணித் தொழிலாளர் சங்கத்தின் முற்றத்தில், ஒலிபெருக்கியை நோக்கி நடந்த ஆறுமுகநயினார் நின்றார்.

“நாட்டின் தலைவர் சொன்ன சொல்லும்மா. அதக் கூட்டவும் குறைக்கவும் நான் யாரு?”

அவள் தலை குனிந்து விலகினாள். அவருக்கு நெற்றித் திருநீறு சுட்டது.

ஆண்டுதோறும் சுதந்திர தினத்துக்கு முந்தின மாலை தலைவர் தில்லியில் ஆற்றும் உரையின் ஆங்கிலப் படியை வாங்கி, நல்ல தமிழில் பெயர்த்து, மறுநாட் காலை இங்கே வாசிப்பது தமிழாசிரியரான அவர் பொறுப்பு. பதிகம் ஓதாமல் பேனாவைத் தொடாதவர் என்று ஊரில் அவருக்குப் பெயர்.

“அண்ணாச்சி, சுருக்கா முடிங்க. மிட்டாய் உருகுது” என்றான் சங்கச் செயலாளன் ஜேசுதாசன். “வருஷா வருஷம் இத ஆரு கேக்கா?”

முற்றம் சிரித்தது.

முன்வரிசையில் ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. அனுஜாவின் தாய் கிருபை, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கோயிலில் வாசகம் கேட்க அமர்வதுபோல் அமர்ந்திருந்தாள்.

அவள் கணவன் கிங்ஸ்டன் மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போன தோணியில் போனவன். ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தோணியும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

அனுஜாவின் திருமணம் இருமுறை நிச்சயமாகி, இருமுறையும் நின்றது. அழைப்பிதழில் கணவன் பெயருக்குமுன் ‘காலஞ்சென்ற’ என்று அச்சிடக் கிருபை ஒப்பவில்லை. தேடுகிறோம் என்று தில்லியிலேயே சொல்லும்போது, ஆள் வந்து மகளைக் கைப்பிடித்துக் கொடுக்கட்டும் என்றாள். இப்போது வந்திருக்கும் மாப்பிள்ளை வீட்டார் இம்மாதம் முடியும்வரையே காத்திருப்பார்கள்.

ஆறுமுகநயினார் வாசிக்கத் தொடங்கினார்.

சாலைகள் வந்தன. பள்ளிகள் வந்தன. உழவர் வந்தனர், எல்லையில் நிற்கும் வீரர் வந்தனர். வீரருக்கு அடுத்துத்தான் ஆண்டுதோறும் அந்த வரி வரும்.

கிருபை நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

அவர் மூச்செடுத்தார். அடுத்த பத்திக்குத் தாவினார். கடைசி வாழ்த்துவரை நிமிரவேயில்லை.

கைதட்டல் சிதறியது. ஜேசுதாசன் மிட்டாய்த் தட்டைத் தூக்கினான். சுவரோரம் நின்ற அனுஜா கண்களை மூடித் திறந்தாள்.

அப்போது கிருபை எழுந்தாள்.

“சார்வாள், ஒரு வரிய விட்டுட்டிய.”

முற்றம் அடங்கியது. எழுத்தறியாத அந்தப் பெண், ஒரு சொல் பிசகாமல், செபம் சொல்லும் குரலில் சொன்னாள்:

“கடலுள் சென்று கரை சேராத மக்களை இந்நாடு மறவாது, இறுதி ஒருவர் மீளும்வரை தேடும்.”

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இல்லையம்மா என்ற சொல் நாவின் நுனிவரை வந்தது. அனுஜாவுக்கு அது ஒன்று போதும். அதன்பின் அந்த முகம் என்ன ஆகும் என்பதையும் அவர் கண்டார்.

“ஆமாம்மா. கண்ணு தவறிட்டு.”

தாளைப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை ஊன்றி, கணீரென்ற குரலில் அந்த வரியை வாசித்தார்.

கிருபை சிலுவையிட்டுக்கொண்டு அமர்ந்தாள். அனுஜா மிட்டாய் வாங்காமல் வாயிற்கதவைத் திறந்து தெருவில் இறங்கினாள்.

அவர் விரல் ஊன்றிய இடத்தில் இருந்தது உரையின் தேதி.

அந்த வரி இவ்வாண்டுத் தாளில் இல்லை. எந்த ஆண்டின் ஆங்கிலப் படியிலும் இருந்ததில்லை. ஐந்து ஆண்டுகளுக்குமுன், அத்தனை நீண்ட உரையில் கடல் என்ற சொல்லே இல்லாதது பொறுக்காமல், பதிகம் ஓதிய வாயோடு அவரே எழுதிச் சேர்த்தது அது.

யாரும் கேட்கப் போவதில்லை என்ற துணிவில்.