செலின் வீட்டு ஆம்பளை

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் வாசகர் கிளீட்டஸ், மன்றாட்டுக்கான நோயாளிகள் லிஸ்ட்டை வாசித்தபோது, வழக்கம்போலப் பாதிப் பேர் மதியச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசிப் பேர் வந்தது. "ஜோனாஸ், செலின் வீடு."

அவ்வளவுதான். கோயிலே முழித்துக்கொண்டது.

செலின் புருஷன் இறந்து ஆறு வருஷம். பிள்ளைகுட்டி கிடையாது. செலண்டார் தாமான் குடியிருப்பில் மூலை வீட்டில் ஒண்டியாக இருக்கிறவள். அவள் வீட்டில் ஆம்பளைப் பேரில் ஒரு நோயாளியா?

"அதான் நாலு மாசமா பூசைப் பக்கமே ஆளைக் காணோம்!" என்றார் ஜெபக்குழுத் தலைவி ஷெர்லீன்.

"நமக்கேன்லா?" என்றார் அவர் கணவர் கிளைவ்.

"நோயாளியைப் போய்ப் பார்க்கிறது நம்ம கடமை. வேனை எடுங்க."

கடமை என்று வந்துவிட்டால் ஷெர்லீனுக்குக் கால் தரையில் நிற்காது. அரை மணி நேரத்தில் ஒரு டின் மைலோ, ஒரு பை ஆரஞ்சு, ஏழு பெண்கள் எல்லாம் வேனுக்குள்.

"பேஸ்புக்ல பிடிச்சிருப்பா."

"போன வருசம் உம்பாய் மீன் கடையில யாரோடவோ பார்த்ததா சொன்னாங்களே."

"அது அவ தம்பிலா."

"ஜோனாஸ்னா நம்ம சபை ஆளுதான். அது வரைக்கும் புண்ணியம்."

கிளைவ் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். ஷெர்லீன் அணைத்துவிட்டார்.

கதவைத் திறந்த செலின் ரொம்ப இளைத்துப்போயிருந்தாள். ஷெர்லீன் அதைக் கவனிக்கவில்லை. வாசலில் ஆம்பளைச் செருப்பு கிடக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.

"ஜோனாஸுக்காக ஜெபிக்கலாம்னு வந்தோம்."

செலினுக்குக் கண் விரிந்தது. "அவனைப் பார்க்கவா? இத்தனை பேரா?"

"எப்போலேர்ந்து முடியல?"

"செவ்வாக்கிழமையிலேர்ந்துக்கா. சாப்பாட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கல. எப்பவும் நான் பக்கத்துல போனாலே துள்ளிக்கிட்டு வர்றவன், மூலையில போய்ப் படுத்துக்கிட்டான்."

ஏழு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்புறம் கல்லுல போய் உடம்பைத் தேய் தேய்னு தேய்ச்சான். என்னடான்னு கிட்டப் போய்ப் பார்த்தா, மேலெல்லாம் உப்பைத் தூவுன மாதிரி வெள்ளைப் புள்ளி."

"மாதாவே! அம்மையா?" ஷெர்லீன் ரெண்டடி பின்னால் போய்க் கிளைவின் காலை மிதித்தார். "ஒட்டுமா?"

"கூட இருக்கிறதுக்கெல்லாம் ஒட்டுமாம். நல்லவேளை, இவன் தனியாளு."

"மருந்து என்ன குடுக்கிற?"

"தண்ணியைக் கொஞ்சங்கொஞ்சமா சூடாக்கி, அளவா உப்பு போட்டு, அதுலயே இருக்க விட்டிருக்கேன். தண்ணிய அடிக்கடி மாத்துறேன்."

"எல்லாம் நீதானா?"

"வேற யாருக்கா இருக்கா?"

ஷெர்லீன் சிலுவை போட்டுக்கொண்டார். ஆனாலும் அம்மை பயத்தை ஆவல் ஜெயித்துவிட்டது.

"எந்த ரூம்ல இருக்கான்?"

"ரூம்ல இல்லக்கா. டிவி பக்கத்துல."

டிவி பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. கெத்தாப்பாங் மரத்துக் காய்ந்த இலை ஊறி, தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அந்த இலைமேல் கட்டைவிரல் நீளத்தில் ஒரு நீலச் சண்டை மீன், செட்டையை மடக்கிக்கொண்டு படுத்திருந்தது.

"இவன்தான்க்கா ஜோனாஸ்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஷெர்லீனுக்கு மைலோ டின்னை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கிளைவ் மட்டும் முட்டி போட்டுத் தொட்டிக்குள் பார்த்தார். "அலாமாக்! நல்ல சாதி இக்கான் லாகாலா இது. புள்ளி கொறைஞ்சிருக்கே."

"பொழச்சுக்குவானா அண்ணே?" செலின் தொட்டிக் கண்ணாடியில் விரலை வைத்தாள். "வீட்ல பேசுறதுக்கு இவன் ஒருத்தன்தான் இருக்கான். இவனும் போயிட்டா நான் சுவரைப் பார்த்துத்தான் பேசணும்."

"செவுள் நல்லா ஆடுது பாரு. புள்ளி போயிடுச்சேன்னு உடனே நிறுத்திடாத. இன்னும் ஒரு வாரம் இதே மாதிரி சூட்டுல வை. பசி வந்துச்சுன்னா..."

"உங்க வைத்தியத்தை நிறுத்துங்க!" ஷெர்லீனுக்கு அப்போதுதான் வாய் வந்தது. ஆள் இல்லையே என்ற ஏமாற்றமா, மீனிடம் ஏமாந்த வெட்கமா, இரண்டும் சேர்ந்து கொதித்தது. "ஏன் செலின், உனக்கென்ன பைத்தியமா? பீடத்துக்கு முன்னால ஒரு மீன் பேரை வாசிக்க வச்சிருக்கியே! நாங்க அத்தனை பேரும் எழுந்து நின்னு மன்றாடினோம்!"

"நேத்து ரொம்ப மோசமா இருந்தான்க்கா. பயத்துல கிளீட்டஸ் அண்ணனுக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன்."

"அதுக்காக? அந்த லிஸ்ட்டு என்ன விளையாட்டா? உடம்பு முடியாம, பார்க்க ஆள் இல்லாம கிடக்கிற மனுசங்களுக்காக உள்ளது. அது தெரியுமா உனக்கு?"

செலின் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தெரியும்க்கா. எனக்கு ஆபரேஷன் ஆனதிலேர்ந்து நாலு மாசமா அதுல என் பேரைத்தான் மொதல்ல வாசிக்கிறாங்க. எந்திரிச்சு வர முடியாததால போன்ல லைவ்ல பார்ப்பேன். 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்'னு சொல்றப்போ, எல்லாரையும் விட உங்க குரல்தான்க்கா சத்தமா கேக்கும்."