சாக்ஸ் போடாத பிள்ளை

"ஏம்மா, புள்ளைக்கு சாக்ஸ் எங்க?"

காலையிலிருந்து இது நான்காவது ஆள். டுக்டுக்கில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், இறங்கின இடத்தில் தக்காளி விற்றவள், படகுக்கு ஆள் பிடிப்பவன், இப்போது மீன் கடை வாசலில் மீன் செதில் சுரண்டுகிறவள். ஏரிக்கரை ஊரான கிசுமுவில் கைக்குழந்தையோடு தெருவில் இறங்கினால் ஊரே மாமியார்தான்.

"வேர்க்குது அக்கா, அதான் போடல" என்றாள் அகேயோ.

"வேர்த்தா வேர்க்கட்டும். நெஞ்சுல சளி கட்டினா யாரு பாக்கறது?"

உச்சி வெயிலில் ஏரி தகதகவென்று கண்ணைக் கூச வைத்தது. ஐந்து மாத ஹாவி வெறுங்காலை ஆட்டிக்கொண்டு அம்மாவின் தோளில் ஜொள்ளு விட்டுக்கொண்டிருந்தாள்.

அகேயோ ஏரி பார்க்க வரவில்லை. ஒரு முழு மீனை, பொரித்த சூடு ஆறுவதற்குள், இரண்டு கையாலும் பிய்த்துத் தின்ன வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை. பிள்ளை பிறந்ததிலிருந்து எல்லாச் சாப்பாடும் ஒற்றைக் கையால்தான், எல்லாமே ஆறி அவலாய்ப் போனதுதான். மூன்று வாரம் நச்சரித்த பிறகு இந்த ஞாயிற்றுக்கிழமைதான் கணவன் ஓடெரா கூட்டி வந்திருக்கிறான்.

மீன் வர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை சமர்த்தாகத் தூங்கின ஹாவி, தட்டை மேசையில் வைத்த சத்தத்தில் கண்ணைத் திறந்தாள். உடனே வாயையும் திறந்தாள்.

"இப்படிக் குடு" என்று ஓடெரா வாங்கினான். அழுகை இரண்டு மடங்கானது. பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"பசிக்குதோ என்னவோ?"

"இப்பத்தானே குடுத்தேன், ஹாவி அப்பா! தட்டு வர்ற நேரம் உங்க பொண்ணுக்கு எப்படியோ தெரிஞ்சுடுது."

கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்த கடைப் பெண் சிரித்தாள். "என்கிட்ட குடுங்க அக்கா. நீங்க சாப்பிடற வரைக்கும் நான் வச்சிருக்கேன்."

"வேண்டாம்மா, நானே பாத்துக்கறேன்."

பக்கத்து மேசையில் சர்ச் மாதர் சங்கம் மொத்தமும் வெள்ளை முக்காடோடு உட்கார்ந்திருந்தது. அதில் ஒரு ஒல்லி அம்மாள் கையை நீட்டினாள். "குடும்மா, நான் வச்சுக்கறேன்."

"பரவாயில்லைங்க, சமாளிச்சுடுவேன்."

"குடுத்தாத்தான் என்ன?" என்று முணுமுணுத்தான் ஓடெரா.

"ஆமா, புள்ளைய ஊரார்கிட்ட குடுத்துட்டு மீன் தின்னான்னு பேரு வாங்கவா?"

மீனிலிருந்து ஆவி குறைந்துகொண்டே வந்தது. அகேயோ அதைப் பார்த்தாள். அழுகிற பிள்ளையைப் பார்த்தாள். அவளுக்கும் அழுகை வரும் போலிருந்தது.

அப்போதுதான் மாதர் சங்க மேசையில் நாற்காலி கிறீச்சிட்டது. இருப்பவர்களிலேயே பருமனான அம்மாள் ஒருத்தி எழுந்தாள். அவள் தட்டிலும் அப்போதுதான் மீன் வந்து விழுந்திருந்தது.

"நீயெல்லாம் ஒரு தாயாடி?"

கடையே திரும்பிப் பார்த்தது.

"ஏரிக் காத்து இந்த அடி அடிக்குது, பச்சப்புள்ள காலுல ஒரு சாக்ஸ் இல்ல! கால் சில்லுனு கெடக்கு பாரு! குளிர்ல வெறைச்சுதான் கத்துது. குடுடி இங்க!"

அகேயோவின் கை தானாகப் பிள்ளையை நீட்டிவிட்டது. அந்த அம்மாள் தன் லேசோ துணியை உதறி, ஹாவியை முதுகில் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, "இந்தக் காலத்துப் பொண்ணுங்க!" என்று கத்தியபடி கரையோரமாக நடந்தாள்.

"என் மானத்தையே வாங்கிட்டா!" அகேயோவின் கண் தளும்பியது. "நீங்க வேடிக்கை பாத்துட்டு இருக்கீங்க!"

"மீன் ஆறுது."

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"சரி, அப்ப நானே..."

"கைய எடுங்க!"

கோபத்தில் ஒரு துண்டைப் பிய்த்தாள். திட்டிக்கொண்டே இன்னொன்றைப் பிய்த்தாள். விரல் சுட்டது, ஊதி ஊதித் தின்றாள். மொறுமொறு வாலைக் கடித்தாள். சோளமாவுக் களியான உகாலியை உருட்டி, குழம்பில் தோய்த்து விழுங்கினாள். தலையை உறிஞ்சும்போது யாரைத் திட்டிக்கொண்டிருந்தோம் என்பதே மறந்துவிட்டது. கடைசி முள்ளை வைத்த பிறகுதான் பிள்ளை ஞாபகம் வந்தது.

அந்த அம்மாள் நிதானமாகத் திரும்பி வந்து கொண்டிருந்தாள். ஹாவி அவள் முதுகில் வாயைப் பிளந்து தூங்கினாள். இரண்டு வெறுங்காலும் துணிக்கு வெளியே ஜம்மென்று தொங்கின.

அகேயோவுக்குக் கோபம் மறுபடி வந்துவிட்டது. பிள்ளையை வாங்கிக்கொண்டே கேட்டாள். "கால் வெறைக்குதுன்னு ஊரைக் கூட்டினீங்களே, நீங்க மட்டும் காலை மூடினீங்களாக்கும்?"

அந்த அம்மாள் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். தட்டில் மீன் ஜில்லென்று கிடந்தது. உகாலி ஆடை கட்டிப் போயிருந்தது. அதை விண்டு வாயில் போட்டுக்கொண்டாள்.

"இந்த வெயில்ல யாருக்குடி குளிரும்?"

"அப்புறம் எதுக்கு அப்படித் திட்டினீங்க?"

"நான் அஞ்சு பெத்தவ." ஆறின மீனை மென்றுகொண்டே சொன்னாள். "'குடும்மா, நான் வச்சுக்கறேன்'னா எந்தத் தாயும் குடுக்க மாட்டா. 'நீயெல்லாம் ஒரு தாயா'ன்னு கேட்டாத்தான் குடுப்பா."