கன்னத்தில் மண்

பனி விலகிய சரிவில் தேயிலைக் கொழுந்துகள் ஈரத்தோடு மின்னுகின்றன. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு ஆய்வுத் திட்டத்துக்கு விளம்பரப் படம் எடுக்கிறார்கள். வெள்ளைக் கோட்டில் மாணவி சசிரேகா, கையில் கண்ணாடிக் குழாயோடு நிற்கிறாள். குழாயில் இருப்பது வெறும் தண்ணீர். வெளிநாட்டில் படிக்க அவளை அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் சுகுமாரன் சார் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறார். சசிரேகாவின் பக்கத்தில், இதே தோட்டத்தில் வேலை செய்யும் அவள் அம்மா செல்லம். மகளோடு படம் என்று பட்டுச்சேலை கட்டி வந்தவளைப் பழைய சட்டைக்கு மாற்றிவிட்டார்கள். மெஷின் வெட்டும் இந்தத் தோட்டத்தில் யாரும் சுமக்காத மூங்கில் கூடை ஒன்று, டூரிஸ்ட் கடையிலிருந்து வந்து அவள் முதுகில் தொங்குகிறது.

“சிரிக்காதீங்கம்மா. கொஞ்சம் கஷ்டப்படுற மாதிரி நில்லுங்க லா,” என்கிறார் சுகுமாரன்.

“எப்படி சார்? இவளுக்கு யுனிவர்சிட்டி கெடச்சதுலேருந்து சிரிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

கேமராக்காரன் கெக்கலிக்கிறான். சுகுமாரன் சிரிக்கவில்லை. “மொகம் ரொம்ப சுத்தமா இருக்கு. சசி, கொஞ்சம் மண்ணெடுத்துத் தேய்ச்சி விடு.”

சசிரேகா குனிகிறாள். பவுடர் பூசிக்கொள்வதுபோல் கண்ணை மூடி, செல்லம் கன்னத்தைக் காட்டுகிறாள். மண் குளிர்ந்திருக்கிறது, அம்மாவின் கன்னம் சுடுகிறது. “ஸ்மைல், சசி!” அவள் பல் தெரியச் சிரிக்கிறாள்.

கேமராவில் படத்தை எட்டிப் பார்க்கிறாள் செல்லம். கன்னத்தில் மண் காய்ந்துகொண்டிருக்கிறது.

“அடியே, எவ்வளவு அழகா சிரிச்சிருக்க பாரு!”

கோட்டுப் பைக்குள் சசிரேகா விரல்களைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள்.